கரித்தூளும் ஒரு டாக்கிங் ஸ்டேஷனும்

ராயபுரத்தில் அப்போது மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. குவியல் குவியலாய்க் கிடந்த கரி கடல்காற்று எழும்பியதும் கிளம்பி ஊருக்குள் வரும். ஜன்னல் விளிம்பில் உட்காரும், சோற்றுத்தட்டில் உட்காரும், கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் உட்காரும். கழுத்து மடிப்பை விரலால் தேய்த்தால் திரிதிரியாய் உருளும். அதற்கு மேல் காசிமேட்டிலிருந்து வரும் மீன்கழிவு வாடை. கரியும் கவிச்சியும் கலந்து தொண்டையில் இறங்குவதை விழுங்கிக்கொண்டேதான் காலை டீயைக் குடிக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஆபீஸ் அந்தக் காற்றுக்கு நேர் எதிரே இருந்தது. கீழே கோடவுன், மேலே ஆபீஸ், நடுவே சுருள் சுருளாய் ஏறும் ஓர் இரும்புப்படி. கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினால் விழ வேண்டும், பிடித்து ஏறினால் உள்ளங்கையில் துருவும் கரியும் அப்பிக்கொள்ளும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்திருந்தேன். என்னோடு படித்தவர்கள் தென்சென்னையில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் ஏசி காற்றில் உட்காரப் போய்விட்டார்கள். எனக்கு அமைந்தது கப்பல் சரக்கை சுங்கத்தில் காட்டி வெளியே எடுத்துக் கொடுக்கும் இந்த கம்பெனி. பதவிக்குப் பெயர் கிடையாது. 'சிஸ்டம் பாக்குற தம்பி' என்பார்கள். இருந்தாலும் எனக்கு எந்தப் புதுச் சாமானைப் பார்த்தாலும் கை பரபரக்கும். பழைய புத்தகக் கடையில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைக் கட்டோடு வாங்கிவந்து, எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் சாப்பிடும்போதுகூடப் படித்துக்கொண்டிருப்பேன்.

முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். சுங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களையெல்லாம் டைப் அடித்தது ஓர் அக்கா. கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைன் ஓரத்தில் வீடு. அவள் வேகத்தில் தப்பில்லாமல் டைப் அடிக்க அந்தத் தெருவிலேயே ஆள் கிடையாது. அவளுடைய கணவருக்கு கூட்ஸ் யார்டில் மூட்டை வேலை. வண்டி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் அந்த வீடு அவள் சம்பளத்தில்தான் நின்றது. அவள் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் தொடங்கியதும் கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பு என்றும், படியே ஏறக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அண்ணாச்சி சொன்னார்: "அப்பம் வேலைய விட்டு நின்னுக்கம்மா. புள்ள பொறக்கட்டும், பொறவு பாப்போம்."

அந்த ஆபீசில் 'பொறவு' என்று ஒன்று வந்ததே இல்லை. அக்காவுக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்ட் கையொடிந்து லீவு போட்டவர், அப்படியே போனவர்தான். அக்கா கீபோர்டில் படிந்திருந்த கரியை முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சரியாக அந்த வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டர் செத்தது. திறந்து பார்த்தால் உள்ளே போர்டு முழுக்கப் பச்சைப்பாசி பிடித்த மாதிரி உப்பு. காற்றாடி இருந்த இடத்தில் ஒரு கரிக்கட்டி. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. லேப்டாப் ஒன்று வாங்கினால் அக்கா வீட்டிலேயே இருந்து டைப் அடிக்கலாம். மாலையில் வந்து சேரும் சரக்கு விவரங்களோடு லேப்டாப்பையும் நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். காலையில் வாங்கி வந்து ஆபீசில் பிரின்ட் எடுத்துவிடலாம். ஒரே சிக்கல், பிரின்டர். கார்பன் காகிதம் ஓடுகிற பழைய பிரின்டரின் தடித்த வயர் லேப்டாப்பில் நுழையாது. அதோடு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் என்று தினமும் பிடுங்கிச் செருகினால், உப்பில் ஊறின பின்கள் ஒரே மாதத்தில் ஒடிந்துபோகும்.

இதற்கென்றே ஒரு சாமான் உண்டு என்று பத்திரிகையில் படித்திருந்தேன். டாக்கிங் ஸ்டேஷன். ஒரு பலகை மாதிரி இருக்கும். எல்லா வயரையும் அதன் முதுகில் ஒரே தடவை செருகிவிட்டால் போதும். லேப்டாப்பை மேலே வைத்து அழுத்தினால் 'டக்' என்று கவ்விக்கொள்ளும், எல்லாம் வேலை செய்யும். பட்டனை அழுத்தினால் விட்டுவிடும்.

அண்ணாச்சி ஒத்துக்கொண்டது ஆச்சரியம்தான். "வெளிநாட்டுக் கம்பெனியில இப்படித்தான் வச்சிருக்கானுவளா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றதும் சம்மதித்துவிட்டு ஒரு நிபந்தனையும் வைத்தார்: "காலையில நம்ம ஆளு சுங்க ஆபீசுக்குப் போக பாரீஸ் பஸ் ஏறும்போது அவன் கையில பேப்பர் இருக்கணும். இந்தச் சாமான் நின்னு வேலை நின்னுச்சுன்னா, அவளுக்குப் பதிலா வேற ஆளப் போட்டுருவேன். பொறவு எங்கிட்ட வந்து அழப்பிடாது."

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழசாக வாங்கினோம். ஏதோ ஒரு பெரிய ஆபீசில் கழித்துக் கட்டியது. லேப்டாப்பின் விசைகளுக்கு நடுவே முன்னால் வைத்திருந்தவன் தின்ற பிஸ்கட்டின் தூள். டாக்கின் அடியில் காய்ந்த காப்பிக் கறை. அதைப் பார்த்தபோது, வடசென்னைக்கு வந்து சேருகிற எல்லாச் சாமானும் இன்னொருவன் தின்று துடைத்துப் போட்டதுதானா என்று இருந்தது. ஈரத்துணி எடுத்துத் துடைத்தேன். ஈரத்துணியிலும் கரி.

பொருத்தியதும் உடனே ஓடிவிடவில்லை. லேப்டாப்பை வைத்தேன், கவ்வியது, பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் பெரிய மானிட்டரில் படம் வரவில்லை. விசைப்பலகை ஓரத்தில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் படம் வெளியே போகும் என்று கண்டுபிடித்தேன். வந்தது. லேப்டாப் மூடியைச் சாத்தினேன், எல்லாமே தூங்கிவிட்டது. மூடினாலும் தூங்காதே என்று செட்டிங்கில் சொன்னேன். பிரின்டர் தமிழும் இல்லாமல் ஆங்கிலமும் இல்லாமல் கட்டம் கட்டமாய் ஒரு பக்கம் முழுக்கத் துப்பியது. லேப்டாப்பை அணைத்து, ஆரம்பத்தில் வரும் நீலத்திரைக்குள் புகுந்து, பிரின்டர் போர்ட்டின் வகையை மாற்றிய பிறகுதான் ஒழுங்காக அடித்தது.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் நைனா. ஹார்பரில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோடவுன் சாவியும் ஆபீஸ் சாவியும் அவரிடம்தான். சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு கூட்டிப் பெருக்கிப் பூட்டுவது அவர் பொறுப்பு.

"இன்னாபா இது, கொயந்த தொட்டிலாட்டம் கீது," என்றார்.

"தொட்டில்தான் நைனா. காலைல போட்டா சாயங்காலம் தூக்கிக்கலாம்."

"எத்தினி வாட்டி தூக்கிப் போட்டாலும் வோணாம்னு சொல்லாத மெஷினா கீதே," என்று சொல்லிவிட்டு டாக்கின் நடுவில் இருந்த சின்ன மூடியை விரலால் தள்ளிப் பார்த்தார். லேப்டாப்பின் அடிப்பாகம் வந்து செருகிக்கொள்ளும் நீளமான வாய் அதற்குக் கீழேதான் இருந்தது. லேப்டாப்பை வைத்தால் மூடி தானாக ஒதுங்கும். "கெட்டியா கீது," என்றார். நான் கண்டுகொள்ளவில்லை.

கொஞ்ச நாள் எல்லாம் அழகாக ஓடியது. சாயங்காலம் பட்டனை அழுத்தி லேப்டாப்பைத் தூக்கி, சைக்கிளில் கொருக்குப்பேட்டைக்குப் போவேன். ரயில்வே கேட் மூடியிருக்கும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்ஸ் வண்டி போகும்வரை சாக்கடைக்கும் லாரிக்கும் நடுவில் நிற்பேன். அக்கா சுவரில் சாய்ந்து, கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்து, வயிற்றுக்கு முன்னால் ஒரு பலகை போட்டு டைப் அடிப்பாள். காலையில் போனால் முடித்து வைத்திருப்பாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை வைத்தேன், விளக்கு எரியவில்லை. எடுத்துத் திரும்ப வைத்தேன், ஆட்டினேன், எரிந்தது. அடுத்த திங்கட்கிழமை ஆட்டியும் பார்த்தேன், அமுக்கியும் பார்த்தேன். விளக்கு மினுக்கியது, கீபோர்டு பாதியில் செத்தது. ஞாயிறு முழுக்கப் பூட்டிக்கிடப்பதால் ஈரம் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது திங்கட்கிழமை மொத்தமாய்ப் படுத்துவிட்டது. பாரீஸ் போகிற ஆள் காகிதம் இல்லாமல் ஜன்னலோரம் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி ஒரு கை நகத்தை இன்னொரு கை நகத்தால் சுரண்டி அழுக்கெடுத்து, அதை மேசைமேலேயே தட்டினார்.

"நாளைக்குக் காலையிலயும் இப்படித்தான் கெடக்குமா?"

"சரி பண்ணிருவேன் அண்ணாச்சி."

"பண்ணு. பண்ணலன்னா டைப்பிங் தெரிஞ்ச ஒரு பயல பேசி வச்சிருக்கேன். அவன் படி ஏறுவான்."

ஆக அன்று ஒரே ஒரு பகல்தான் மிச்சம். முதலில் டாக்கை விட்டுவிட்டு லேப்டாப்பை நேராகக் கரன்டில் செருகினேன். உயிர் வந்தது. மானிட்டரை நேராக லேப்டாப்பில் மாட்டினேன். படம் வந்தது. ஆக லேப்டாப்பிலும் குறையில்லை, மானிட்டரிலும் குறையில்லை. டாக்கின் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஒன்றும் மாறவில்லை. டாக்கைத் தூக்கிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறினேன். விற்றவன் அதைக் கையில்கூட வாங்கவில்லை. வாயில் மாவாப் புகையிலையை அதக்கிக்கொண்டு, "போர்டு பூட்ச்சு. தூக்கிக் கடாசு. வேற ஒண்ணு வேணும்னா சொல்லு," என்று சொல்லிவிட்டு என் செருப்புக்குப் பக்கத்திலேயே துப்பினான்.

திரும்பி வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் டாக்கைக் கவிழ்த்துப் பிடித்து, அந்தச் சின்ன மூடியைப் பேனா முனையால் ஒதுக்கினேன். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்.

பின்கள் வரிசையாய் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாய், பளபளப்பாய், கூழ் மாதிரி ஏதோ மண்டியிருந்தது. காதுகுடையும் பஞ்சை விட்டு எடுத்தேன். இழுபட்டு வந்தது. அதில் ஒரு தலைமுடி சுற்றியிருந்தது, கரப்பான்பூச்சியின் ஒரு கால் ஒட்டியிருந்தது. இன்னொரு தடவை விட்டேன், அதன் முட்டைப்பெட்டி வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பல வருடம் துவைக்காத தலையணை உறையின் வாசனை. சிக்குப்பிடித்த தேங்காயெண்ணெய். எண்ணெயில் கரித்தூள் இறங்கி, ஊறி, பின்னுக்கும் பின்னுக்கும் நடுவே களிம்பாய் இறுகியிருந்தது. கடல்காற்று செய்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. எண்ணெய் காற்றில் வராது.

கீழே இறங்கினேன். நைனா கோடவுன் வாசலில் பூட்டைத் திறந்து போட்டு, இறகால் அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குப்பி.

"நைனா, மேல லேப்டாப் பலகைல எண்ணெ வுட்டியா?"

"பின்ன? வுடாம?" தலையைக்கூடத் தூக்கவில்லை. "அந்த மூடி நகரவே மாட்டேங்குது. நீ புதுசு, ஒனக்குத் தெரியாது. சனிக்கெயமைக்கு சனிக்கெயம ரெண்டு சொட்டு. இல்லாங்காட்டி உப்புக் காத்து துன்னுடும்."

"அது கரன்ட்டு போற எடம் நைனா."

"அதான், நல்லா வயவயன்னு போவட்டும்னு ஊத்துனேன்."

சுற்றிப் பார்த்தேன். ஷட்டர், கீல், தராசு, கைவண்டிச் சக்கரம், மாடியிலிருந்த பழைய டைப்ரைட்டர், பிரின்டரின் ஓடுகம்பி எல்லாம் எண்ணெயில் மின்னின. எல்லாவற்றின் மேலும் கரி ஒட்டியிருந்தது. எங்கள் தெருவிலும் எல்லா வீட்டிலும் இதேதான். சைக்கிள் செயினுக்கு, தையல் மெஷினுக்கு, கேட் தாழ்ப்பாளுக்கு, ஒரு வீட்டில் ரேடியோ குமிழுக்கும். எண்ணெய் விடாவிட்டால் உப்பு தின்கிறது, விட்டால் கரி ஒட்டுகிறது. இரண்டில் எந்த அழுக்கு வேண்டும் என்பது மட்டும்தான் இந்த ஊரில் நமக்கு விட்டு வைத்திருக்கிற உரிமை. அதை நினைக்க நினைக்க எனக்கு நைனாமேல் இருந்த கோபம் எங்கெங்கோ போனது.

"இன்னாபா மூஞ்சிய அப்டி வச்சிகினு கீற? பேஜாரா பூட்ச்சா?"

"பூட்ச்சு. இனிமே அதத் தொடாத நைனா. எண்ணெ வுட்டியோ, அக்காவுக்கு வேலை பூடும்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "அந்தப் பொண்ணுக்கா?" என்றார். குப்பியை மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கயுவுனா பூடுமா?"

மெடிக்கல் ஷாப்பில் ஊசி போடும்முன் துடைக்கிற ஸ்பிரிட் வாங்கி வந்தேன். நைனா எங்கிருந்தோ ஒரு பழைய பல் பிரஷ் கொண்டுவந்தார். யாருடையது என்று நான் கேட்கவில்லை. அதன் நார்கள் மஞ்சளாக இருந்தன. தரையில் பேப்பர் விரித்து, பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தேன். கறுப்புச் சாறு வழிந்தது. தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. மண்டிக்கு நடுவில் இரண்டு பின்கள் வளைந்து கிடந்தன. முரட்டுத்தனமாய் நான் அமுக்கியதால் இருக்கும். குண்டூசி முனையால் மூச்சை அடக்கி நிமிர்த்தினேன். லேப்டாப்பின் அடிவாயிலும் அதே களிம்பு. அதையும் வழித்தேன். என் நகக்கண்ணுக்குள் ஏறிய அந்த எண்ணெய்க் கரி சோப்புக்குப் போகவில்லை. அன்று மதியச் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன், அப்போதும் இறங்கவில்லை.

காய்ந்ததும் வைத்தேன். டக். பச்சை விளக்கு ஆடாமல் எரிந்தது. பிரின்டர் கர்ரென்று தலையை ஓட்டிப் பார்த்துக்கொண்டது. எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். ஒவ்வொரு தடவையும் எரிந்தது. நைனா டீ வாங்கிவந்து வைத்தார். கிளாஸின் வெளியே அவருடைய எண்ணெய் விரல் ரேகை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பையைத்தான் பார்த்தாள்.

"செத்துச்சா, பொயச்சுதா?"

"பொயச்சுதுக்கா." எண்ணெய்க் கதையைச் சொன்னேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் தலைக்கு ஒரு சொட்டு எண்ணெ இல்லாம பறட்டையா கீது. மெஷினுக்கு வாரா வாரம் எண்ணெக் குளியலு நடத்தினு கீறாரு." பிறகு சிரிப்பை நிறுத்தி, "நெஜமா ஓடுதா? நாளைக்கு மறுபடி நிக்காதே?" என்றாள்.

"நிக்காது."

நிற்கவும் இல்லை. மறுநாள் பாரீஸ் பஸ்ஸுக்குக் காகிதம் சீக்கிரமே தயார். அந்த வாரம் முழுக்க அப்படியே. அடுத்த திங்கட்கிழமையும் முதல் அமுக்கலிலேயே எரிந்தது. இனி பயமில்லை, பிரசவம் வரைக்கும், அதற்கப்புறமும்கூட இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

வேலை செய்ததுதான் வினையாகப் போனது. கப்பல் ஏஜென்ட் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். அண்ணாச்சி அவருக்கு முன்னால் லேப்டாப்பைத் தூக்கினார், வைத்தார், 'டக்' என்றதும் தன் பிள்ளை பாட்டுப் பாடிய மாதிரி அவர் முகத்தைப் பார்த்தார். வந்தவர் "ஓ, டாக் எல்லாம் வச்சிருக்கீங்க," என்றார். அவ்வளவு போதும். அவர் போன பிறகும் அண்ணாச்சி அதையே தடவிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் அவர் விரல் நின்றது.

"இது என்னல ஓட்டை?"

"பூட்டு அண்ணாச்சி. லேப்டாப்ப யாரும் தூக்கிட்டுப் போயிராம இருக்க."

"சாவி இருக்கா?"

கடைக்காரன் கொடுத்த சாவியை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே. ஓட்டையில் விட்டுத் திருப்பினார். பட்டனை அழுத்திப் பார்த்தார். லேப்டாப் அசையவில்லை. முகம் மலர்ந்தது.

"இனி இது இங்ஙனேயே கெடக்கட்டும். கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுன்னு கண்ட எடத்துக்கும் போயிட்டு வருது. களவு போச்சுன்னா நீ தருவியா?"

"அண்ணாச்சி, அக்கா வீட்ல டைப் அடிக்கத்தானே இத வாங்குனோம்."

"வாங்குனது நான்லே."

"அவங்களால படி ஏற முடியாது."

"நானா ஏறச் சொன்னேன்? நின்னுக்கத்தான் சொன்னேன். அந்தப் பயல வரச் சொல்லியிருக்கேன்." சொல்லிக்கொண்டே அந்தச் சின்னச் சாவியைக் காதுக்குள் விட்டுச் சுகமாய்க் குடைந்தார். ஒரு கண் மூடிக்கொண்டது. வெளியே எடுத்து, முனையில் ஒட்டியிருந்த பழுப்பைப் பார்த்து, வேட்டியில் துடைத்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "ஒனக்கு என்ன? மெசின் ஓடுதுல்லா?"

பின்களில் இருந்ததைத் துடைக்க ஸ்பிரிட் கிடைத்தது. இதற்கு என்ன கிடைக்கும் என்று யோசித்தபடி படி இறங்கினேன்.

அன்று வெறுங்கையோடு போனேன். பை இல்லாததைப் பார்த்ததுமே அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பூட்டு ஒன்றுமே இல்லை, ஒரு ஊக்கு போதும், சாயங்காலம் அவர் போனதும் திறந்து எடுத்துவருவேன், காலையில் அவர் வருமுன் வைத்துவிடுவேன் என்று அவசர அவசரமாய்ச் சொன்னேன். அதை எப்படித் திறப்பது என்று என் கை காற்றில் செய்துகூடக் காட்டியது.

அவள் முழுக்கக் கேட்டாள். "என்னிக்கானா ஒரு நாள் நீ வைக்கறதுக்கு முன்ன அவரு வந்துட்டா?"

"வர மாட்டாரு."

"வந்துட்டா, போலீஸு மொதல்ல எவன் வூட்டுக்கு வருவான்? ஒன் வூட்டுக்கா? நீ காலேஜு. நேரா கொருக்குப்பேட்டைக்குத்தான் வருவான். கலீஜ் ஏரியான்னு அவன் ஏற்கெனவே முடிவு பண்ணி வச்சிகினு கீறான்." காலைக் கீழே இறக்கி, வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள். விரல் போன இடம் பள்ளமாய் நின்றது. "அந்தப் பையன் எப்ப வரான்?"

"திங்கக்கெயம."

"அப்ப அதுக்கு முன்ன நான் போயி ஒக்காந்துகினா?"

வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியா சோறு போடப் போவுது? கொஞ்சம் நவுரு, கொடம் ரொப்பணும்," என்றாள்.

திங்கட்கிழமை நான் போனபோது அவள் இரும்புப்படியின் நடுச்சுருளில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை வயிற்றுக்கு அடியில். கீழே நைனா, விழுந்தால் பிடிக்கத் தயாராக இரண்டு கைகளையும் விரித்தபடி, அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தானும் ஒரு அடி வைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் உள்ளங்கை, முந்தானை, நெற்றி எல்லாம் கறுப்பு. உதடு வெளுத்திருந்தது.

அண்ணாச்சி பேப்பரிலிருந்து கண்ணை எடுத்து, "வந்துட்டியாம்மா, நல்லதாப் போச்சு," என்றார். கீழே வந்து நின்ற பயலை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம். அவள் எத்தனை நாள் ஏறுவாள் என்று பார்க்கத்தான்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்து அவள் காலுக்குக் கீழே தள்ளினேன். டாக்கில் பூட்டிக்கிடந்த லேப்டாப் ஒரு குறையும் இல்லாமல் விழித்தது. மானிட்டரில் படம் வந்தது, பச்சை விளக்கு ஆடாமல் எரிந்தது. நான் கையால் கழுவி உயிர் கொடுத்த சாமான் அது. அதை அப்படியே தூக்கிக் கடலில் போட வேண்டும் போல இருந்தது.

அவள் மூச்சு வாங்குவது நிற்கும்வரை காத்திருந்து, கையைப் புடவையில் துடைத்துவிட்டு விசைகளில் வைத்தாள்.

"இன்னா பாத்துகினு நிக்கிற," என்றாள். "பேப்பர மாட்டு."

மாட்டினேன்.